தள்ளாத வயதும் தேயிலைத் தோட்டமும்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தையொட்டி ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். தாத்தா அல்லது பாட்டியோடு அமர்ந்து பேசி, அவர்தம் வாழ்க்கையை ஒரு பக்கத்திற்கு மிகாமல் எழுதி வர வேண்டும். கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றும் எனக்கு இவ்வகைப் பாடம் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு புதையலைக் கொண்டு வந்து தருகிறது. இம்முறை ஒரு மாணவி எழுதி வந்த தாளின் முதல் இரண்டு வரிகள் என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தன. தன் பாட்டிக்குத் தாம் பிறந்த தேதி சரியாகத் தெரியாதாம். அடையாள அட்டையில் இருப்பது யாரோ குத்துமதிப்பாகப் போட்ட தேதியாம். ஆனால் திருமணத்திற்கு முன்பு ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து கிள்ளினார் என்பது மட்டும் அவருக்கு இன்றும் நினைவிருக்கிறதாம்.

பிறந்த நாளை மறந்தவர் எடை போட்ட கொழுந்தை மறக்கவில்லை. வியப்பதற்கு ஒன்றுமில்லை. பிறந்த நாளை எவரும் அவரிடம் கேட்டதில்லை; கொழுந்தின் எடையை நாள்தோறும் கேட்டார்கள். அந்தத் தாளைப் படித்த பிறகுதான், பல ஆண்டுகளாக மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த ஒரு செய்தியை எழுதிவிட வேண்டும் என்று துணிந்தேன். நம் தோட்டத்து முதியோரின் தள்ளாமை பற்றிய செய்தி அது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மொழியாசிரியைக்கு அது பழகிப்போன வழக்கம், பொறுத்தருள்க. முதுமையில் உடலின் இருப்புக் குறைந்து, ஒரு சிறு காய்ச்சலோ ஒரு சறுக்கலோ ஆளையே சாய்த்துவிடும் நிலையை இன்றைய மருத்துவம் தனியொரு நிலையாகக் கண்டு ஆராய்கிறது. அதைத் தமிழில் எழுதுவோர் நலிவு என்றும் தளர்ச்சி என்றும் பலவாறு எழுதுகின்றனர். ஆனால் நம் பாட்டிமார்களிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. 'தள்ளல' என்பார்கள். 'இப்பெல்லாம் தள்ளல கண்ணு' என்றால், நோய் என்று பெயர் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் உடம்பைத் தள்ளிக்கொண்டு நாளைக் கடத்த முடியவில்லை என்பது பொருள். இதைவிடத் துல்லியமான கலைச்சொல்லை எந்தக் குழுவும் ஆக்கித் தந்துவிட முடியாது.

ஒரு குறை மட்டும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. 'தள்ளாத வயது' என்று சேர்த்தே சொல்லிச் சொல்லி, தள்ளாமையும் வயதும் ஒன்றே என்று நாம் நம்பிவிட்டோம். எண்பத்திரண்டு வயதில் சந்தைக்கு நடந்து போய்க் கீரைக் கட்டுகளோடு திரும்புகிறவரும் உண்டு. அறுபத்தாறு வயதில் நாற்காலியிலிருந்து எழக் கை தேடுகிறவரும் உண்டு. வயது இருவருக்கும் இருக்கிறது. தள்ளாமை ஒருவருக்கு மட்டும்தான் வந்திருக்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

மலாயாவுக்குத் தமிழர்களைக் கொண்டு வந்த ஏற்பாடு முழுவதும் இளமையைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்தபோது கிழவர்களைச் சேர்க்கவில்லை. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் உடற்சோதனை நடந்தது. கப்பலேறி வந்தவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மீண்டும் சோதிக்கப்பட்டார்கள். 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒரு நிதி அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் தத்தம் ஆள்கள் வேலை செய்த நாள்களைக் கணக்கிட்டு அதற்குப் பணம் கட்டினர். அந்தப் பணத்தில்தான் கப்பல் கட்டணம் உள்ளிட்ட செலவுகள் நடந்தன. பின்னாளில் அது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது.

ஆகவே, தோட்டங்களில் தொடக்கத்தில் முதியோர் மிகச் சிலரே. பாட்டி இல்லாத வீடுகளில் நம் முதல் தலைமுறை பிறந்து வளர்ந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. கதை சொல்லவும் கைவைத்தியம் பார்க்கவும் ஆளில்லாத லயங்கள் அவை. சரி, வந்தவர்களும் என்றேனும் மூப்பெய்த வேண்டுமே, அப்போது என்ன செய்தார்கள்?

அனுப்பிவிட்டார்கள். உழைக்க இயலாதவர்களைத் தாயகம் திருப்பி அனுப்பும் செலவையும் அதே குடியேற்ற நிதியே ஏற்றது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரக்கணக்கானோர் இவ்வாறு கப்பலேற்றப்பட்டனர். போக இடமில்லாதவர்களுக்காகக் கோலாலம்பூரில் ஓர் இல்லமும் அந்த நிதியிலிருந்து நடத்தப்பட்டது. அக்கால ஆங்கில ஆவணங்கள் அத்தகையோரை 'டிக்ரெபிட்' என்று குறிக்கின்றன. இற்றுப்போனவர், உளுத்துப்போனவர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். பழைய வண்டிக்கும் இடிந்த கட்டடத்துக்கும் சொல்லும் சொல் அது. அதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சினம் வந்தது. பிறகு நிதானமாக எண்ணிப் பார்த்தால், அந்த எழுத்தர்களுக்கு அது வசைச்சொல் அன்று, கணக்குச்சொல். வேலைக்கு ஆகும், வேலைக்கு ஆகாது என்ற இரண்டே கட்டங்கள் இருந்த பதிவேட்டில் இரண்டாவது கட்டத்தின் தலைப்பு அது.

விடுதலைக்குப் பின், 1958இல், அந்த நிதி தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறியது. தளர்ந்த முதியோரைப் பேணும் இல்லங்கள், ஆதரவற்ற பிள்ளைகளின் பராமரிப்பு, கல்வி ஆகியன அதன் நோக்கங்களுள் அடங்கின. 1999இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றினால் அது கலைக்கப்பட்டது. அந்த நிதியின் கதை தனியே எழுதத்தக்கது. இன்னொரு பதிவில் பார்ப்போம்.

நம் மலைக்கு ஏறுவோம். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நிலஅளவையாளர் இப்பகுதியைக் குறித்து எழுதி வைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925இல், சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே மலைநகரம் அமைக்கும் எண்ணம் உருப்பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் நிலம் பெற்று, இலங்கையில் தேயிலைப் பயிர் அறிந்த ஏ. பி. மில்ன் என்பவரைத் துணையாகக் கொண்டு, போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் பிறந்தது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையும் அந்த ஆண்டுகளில்தான் உருவானது. காட்டை வெட்டியவர்களும் சரிவைச் செதுக்கிக் கன்று நட்டவர்களும் யாரென்று இப்பதிவைப் படிப்போருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேயிலைத் தோட்டத்தின் ஒரு நாள் பெரட்டில் தொடங்கும். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்தார் நாவில் அப்படி ஆனது என்பர். விடியுமுன் குளிரில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். மண்டோர் வேலை பிரித்துக் கொடுப்பார். பிறகு கூடையோடு சரிவில் ஏற்றம். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளிக் கிள்ளிக் கூடை நிறைய வேண்டும். நிறைந்ததும் தராசு, எடை, பெயருக்கு நேரே எண்.

சற்று நின்று கவனியுங்கள். லயத்திலிருந்து பெரட்டுக் களத்திற்கு எவ்வளவு விரைவாக நடந்து வருகிறார்? விரல்களில் எவ்வளவு வலு இருக்கிறது? நாள் முழுதும் தாக்குப்பிடிக்கிறாரா? சரிவில் ஏறுகிறாரா, மேட்டுநிலத்தைக் கேட்கிறாரா? இவை அனைத்தும் அன்றாடம் பார்க்கப்பட்டன. இவற்றுள் சில எண்ணாகவே எழுதப்பட்டன. இன்றைய முதியோர் மருத்துவர் ஒருவர் தள்ளாமையைக் கண்டறிய எவற்றைப் பார்ப்பாரோ, ஏறத்தாழ அவற்றையே தோட்டம் எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்து வந்தது. நாற்பது வயதில் இருந்த எடை ஐம்பதில் குறைந்ததும், ஐம்பத்து மூன்றில் திடீரென்று சரிந்ததும் செக்ரோலில் இருக்கத்தான் செய்தன. கூலி குறைந்ததாக மட்டுமே அது படிக்கப்பட்டது. ஆளுக்கு என்ன ஆயிற்று என்று அந்த எண்ணிடம் எவரும் கேட்கவில்லை.

எடை குறைந்தவருக்கு இலகுவான வேலை கொடுப்பார்கள். புல் வெட்டுதல், கூட்டிப் பெருக்குதல், கடைசியில் ஆயாக் கொட்டகை. கொழுந்து கிள்ளப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளை ஒரு கிழவி பார்த்துக்கொள்ளும் இடம் அது. நம்மில் எத்தனை பேர் அந்தத் தூளிகளில் உறங்கி வளர்ந்தோம்! ஆயாவாகப் போவது மரியாதைதான். ஆயினும் அதற்கு அப்பால் வேறு வேலை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அதன் பிறகு வீட்டுப் பிரச்சினை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும் வரைதான் வீடு. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. ஐம்பத்தைந்து வயதில் அந்தப் பணத்தை எடுக்கலாம். தனியார் துறையில் அந்த வயதையே ஓய்வு வயதாகக் கொள்ளும் வழக்கம், 2013ஆம் ஆண்டு ஜூலையில் குறைந்தபட்ச ஓய்வு வயது அறுபது எனச் சட்டம் நடப்புக்கு வரும் வரை நீடித்தது. ஐம்பத்தைந்தில் வேலை முடிந்தவருக்கு அதே தோட்டத்தில் வேலை செய்யும் மகனோ மகளோ இருந்தால் வீட்டில் ஒரு மூலை கிடைக்கும். இல்லையேல் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். 1968இல் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்வதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபோது, தோட்டங்களிலிருந்து மீண்டும் ஒருமுறை பல்லாயிரவர் கப்பலேறினர். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அங்கு யார் இருந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், நம் முதியோரின் ஒரு குணத்தை விளக்க இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. 'தள்ளல' என்ற சொல் அவர்களிடம் இருந்தது. ஆனால் அதை அவர்கள் வெளியாள் காதில் விழும்படி சொன்னதே இல்லை. பக்கத்து வீட்டுத் தோழியிடம் சொல்வார்கள். கிராணியிடம் சொல்ல மாட்டார்கள். மண்டோரிடம் சொல்ல மாட்டார்கள். டிரெசரிடம்கூட மருந்துத் தண்ணீர் வாங்கும் அளவுக்குத்தான் சொல்வார்கள். சொன்னால் முதலில் எடை போகும், பிறகு வேலை போகும், பிறகு வீடு போகும். தள்ளாமையை மறைக்கத் தெரிந்தவர்களே தோட்டத்தில் நிலைத்தார்கள். நம்மை வளர்த்தவர்கள் அவர்கள்தாம். வேலை போன பின்பும், தோட்டத்தை விட்டு ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ பிள்ளைகளின் வீட்டுக்குக் குடிவந்த பின்பும், அந்தப் பழக்கம் அவர்களை விட்டுப் போகவில்லை.

என் பாட்டி அப்படிப்பட்டவர்.

அப்பாவைப் பெற்றவர். 1990 வாக்கில் ஓய்வு பெற்று எங்களோடு லயத்தில் இருந்தார். கையில் கிள்ளத் தொடங்கி, பிற்காலத்தில் கத்தரி பிடித்து வெட்டிய கைகள். நான் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பேராக்கில் முதல் பள்ளியில் சேர்ந்திருந்த காலம். மாதம் ஒருமுறை மலையேறி வருவேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். இரவிக்கை தொளதொளவென்று இருக்கும். 'பழசும்மா, நைஞ்சு போச்சு' என்பார். மைலோ டின்னின் மூடியைத் திறக்கத் தம்பியைக் கூப்பிடுவார். வாளியில் தண்ணீர் எடுத்தவர் செம்பில் எடுக்கத் தொடங்கினார். மேட்டுக் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போனவர், 'சாமி எங்க இருந்தாலும் சாமிதான்' என்று வீட்டுப் படத்தின் முன் விளக்கேற்றினார். அதை நாங்கள் பக்தி முதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டோம்! மத்தியானம் படுக்காதவர் படுக்கத் தொடங்கினார். சோறு குறைந்து, தேநீரும் பிஸ்கட்டுமாக ஆயிற்று.

'வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்' என்று அம்மா சொன்னார். நானும் தலையாட்டினேன்.

2004ஆம் ஆண்டு நவம்பர் மழையில், பின்கட்டுப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நடந்தது, எலும்பு கூடியது என்றும் சொன்னார்கள். ஆனால் பாட்டி எழவில்லை. பதினோரு மாதம் படுக்கை. விழுந்ததால் படுத்தார் என்றுதான் உறவினர் எல்லாரும் இன்றும் சொல்கிறார்கள். விழுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவர் விழத் தொடங்கிவிட்டார் என்பதை நான் அறிய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

2001ஆம் ஆண்டில், அதாவது பாட்டி விழுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவில் லிண்டா ஃபிரீட் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அறுபத்தைந்து வயதைக் கடந்த 5,317 பேரைத் தொடர்ந்து பார்த்து, தள்ளாமைக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர். முயலாமலேயே ஓராண்டில் ஏறத்தாழ நாலரைக் கிலோ எடை குறைதல், எதைச் செய்தாலும் அசதி, கைப்பிடி வலுக் குறைதல், நடை மெதுவாதல், நடமாட்டம் சுருங்குதல். மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசலில் நிற்கிறார். மூன்று உடையவர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் விழுவதும், மருத்துவமனையில் சேர்வதும், இறப்பதும் மற்றவர்களைவிட மிகுதி என்று கண்டனர்.

தொளதொளத்த இரவிக்கை. மத்தியான உறக்கம். மைலோ மூடி. வாளிக்குப் பதில் செம்பு. மேட்டுக் கோயில். நான் எண்ணிப் பார்த்தேன். நடையை யாரும் அளக்கவில்லையே தவிர, ஐந்தும் இருந்தன என்றே சொல்வேன்.

இந்த அறிவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. கேமரன் மலையில் முதல் தேயிலைச் செடிகள் வேர்பிடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1935இல், லண்டனில் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர் ஓர் ஏழையர் இல்ல மருத்துவமனையின் 714 நோயாளிகளுக்குப் பொறுப்பேற்றார். ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கையாய்க் கிடந்த முதியோர் அவர்களுள் பலர். இனி ஆகாது என்று முடிவு கட்டப்பட்டவர்கள். நம் பதிவேட்டு மொழியில் 'டிக்ரெபிட்'. அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்து, எழுப்பி உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்க வைத்தார். பலர் வீடு திரும்பினர். படுக்கையே பலரைப் படுக்கையாக்கியது என்பது அன்று பெரிய கண்டுபிடிப்பு.

1990இல் பாஸ்டனில் இன்னொரு சோதனை. ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். தொண்ணூறு வயதில் எடைப்பயிற்சியா என்று நமக்குச் சிரிப்பு வரும். அவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். தசை எந்த வயதிலும் செவிசாய்க்கும் என்பது அன்று உறுதியாயிற்று. எங்கள் பாட்டி ஓய்வு பெற்ற ஆண்டும் ஏறத்தாழ அதுதான்.

கனடாவில் கென்னத் ராக்வுட் 2005இல் இன்னொரு வழியைக் காட்டினார். கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் அன்றாடம் என்னென்ன செய்கிறார், எதற்கெல்லாம் பிறர் கை தேடுகிறார் என்பதை வைத்தே படிநிலை சொல்லலாம். ஜப்பானியர் ஒரு படி மேலே சென்று சொல்லையே மாற்றினர். அவர்கள் மொழியில் இருந்த பழைய சொல், இனி மீளாத பலவீனம் என்ற எண்ணத்தைத் தந்ததாம். ஆகவே, 2014இல் அந்நாட்டு முதியோர் மருத்துவக் கழகம் 'ஃபுரெய்ரு' என்ற புதுச்சொல்லை முன்மொழிந்தது. தடுக்கவும் ஓரளவு மீளவும் கூடிய நிலை என்பதை மக்கள் உணர வேண்டுமாம். நமக்குப் புதுச்சொல் தேவையில்லை என்பது என் கருத்து. தள்ளாமை என்ற சொல்லிலிருந்து 'வயது' என்பதைக் கழற்றிவிட்டால் போதும்.

இனி வீட்டில் என்ன பார்ப்பது? பெற்றோர் பலர் இதைத்தான் கேட்பீர்கள். ஆசிய நாடுகளின் தசைக்குறைவு ஆய்வுக்குழு 2019இல் தந்த அளவுகள் நமக்கு ஏற்றவை. ஆறு மீட்டர் தூரத்தை வழக்கமான நடையில் கடக்க ஆறு வினாடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். வகுப்பறை வராந்தாவில் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு போட்டால் அளந்துவிடலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரப் பன்னிரண்டு வினாடியோ அதற்கு மேலோ ஆனாலும் அப்படியே. நாற்காலி சுவரையொட்டி இருக்கட்டும். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். ஜப்பானியர் செய்யும் மோதிரச் சோதனை இன்னும் எளிது: இரு கைகளின் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாக்கிக் கெண்டைக்காலின் தடித்த பகுதியைச் சுற்றிப் பிடிப்பது. வளையத்துக்குள் கால் தொளதொளத்து இடைவெளி தெரிந்தால் தசை கரைகிறது என்று ஐயுறலாம். இவை எதுவும் நோய்முடிவு அல்ல. நலவகத்துக்கு அழைத்துப் போவதற்கான காரணம், அவ்வளவே.

ஆனால் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். நல்லா இருக்கேன் என்பார்கள். பெரட்டில் நின்று பழகியவர்கள். கண்ணால்தான் பார்க்க வேண்டும். எந்தப் பாத்திரத்தை எடுப்பதை நிறுத்திவிட்டார், எந்தப் படியைத் தவிர்க்கிறார், எந்த உறவினர் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டார் என்று பாருங்கள்.

நலவகத்தில் அறுபது வயதைக் கடந்தோருக்கெனத் தனிச் சோதனைப் படிவமே உண்டு. அதைக் கேட்டு நிரப்பச் சொல்லுங்கள். போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பைக்குள் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, நீரிழிவுக்கு இரண்டு, தூக்கத்துக்கு ஒன்று, மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கியது ஒன்று என்று சேர்ந்துவிட்ட மாத்திரைகளே சிலரின் தடுமாற்றத்துக்குக் காரணமாக இருப்பதுண்டு. எதை நிறுத்துவது என்பதை மருத்துவர்தாம் சொல்ல வேண்டும். இரத்தசோகை, தைராய்டு, கண்புரை, ஆடும் பல், எல்லாவற்றுக்கும் மேலாக மனச்சோர்வு ஆகியவையும் தள்ளாமையின் உருவில் வரும். இவற்றுள் பல சரிசெய்யத்தக்கவை.

உணவில் நம் வீடுகளின் பெரிய பிழை, வயதானவருக்குக் கஞ்சி போதும் என்பது. தசைக்குப் புரதம் வேண்டும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்பது முதியோருக்கான இன்றைய பரிந்துரை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும். முட்டை, பருப்பு, தவ்ஹு, தெம்பே, நெத்திலி ஆகியவை எல்லாம் நம் சந்தையில் கிடைப்பவைதாமே! சோற்றோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும் தேயிலை மலையில் இருந்துகொண்டு நான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

நடந்தால் போதும் என்பது இன்னொரு தவறான எண்ணம். நடை நல்லது, வலுவுக்கு அது மட்டும் போதாது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கென 2017இல் மருத்துவர் குழு ஒன்று வகுத்த வழிகாட்டி, தசையை எதிர்விசைக்கு உட்படுத்தும் பயிற்சியையே முன்னிறுத்துகிறது. நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து அமர்வதே வீட்டுக்கு ஏற்ற தொடக்கம். இரண்டு சிறு தண்ணீர்ப் போத்தல்களைக் கையில் பிடித்துத் தூக்குவது அடுத்தது. மலைவாசிகளுக்கு ஈரப்படியும் பாசி படிந்த முற்றமும் தனிக் கவலை; பின்கட்டில் ஒரு கைப்பிடிக் கம்பியும் ஒரு விளக்கும் போட ஆகும் செலவை நான் இப்போது கணக்குப் பார்ப்பதில்லை.

அந்த மாணவியின் தாளுக்குத் திரும்புகிறேன். அதன் கடைசி வரியில், பாட்டி இப்போதெல்லாம் பள்ளி வாசல் வரை வருவதில்லை, வளைவிலேயே நின்றுவிடுகிறார் என்று எழுதியிருந்தாள். பாட்டிக்கு மழை பிடிக்காது என்று காரணமும் எழுதியிருந்தாள். மறுநாளே அவள் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். வயதாகிவிட்டது டீச்சர் என்றார். ஆறு மீட்டர் கணக்கைச் சொன்னேன். ரிங்லெட் நலவகத்துக்கு அழைத்துப் போனார்கள், இரத்தசோகை இருந்ததாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

என் அம்மாவுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. சென்ற ஆண்டு இட்லி மாவுச் சட்டியை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கினார். கேட்டபோது, 'சட்டி புதுசு, கனம்' என்றார். சட்டி நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. இப்போது மாலை ஆறு மணிக்கு, அவர் பார்க்கும் தொடர் தொடங்குமுன், கூடத்து நாற்காலியில் எழுந்து அமர்கிறார். என் இளைய மகள் பக்கத்தில் நின்று எண்ணிக் காலண்டர் கட்டத்துக்குள் எழுதுகிறாள். ஜனவரியில் நான்கு. நேற்று பதினொன்று. பன்னிரண்டு என்று எழுதச் சொல்லி அம்மா பேத்தியிடம் வாதாடிக்கொண்டிருந்தார். கிராணியிடம் எடைக்கு வாதாடிய பழக்கம்.